பத்து கிலோமீட்டர் என்றால் எந்தப் பத்து?

ஓட்டம் முடிந்ததும் எங்கள் ஊரில் இரண்டு காரியங்கள் நடக்கும். மைலோ வண்டிக்கு முன்னால் வரிசை நிற்கும். அந்த வரிசையிலேயே கைக்கடிகாரங்களை நீட்டிக் காட்டி வாக்குவாதமும் தொடங்கிவிடும்.

“எனக்கு 5.14 காட்டுதுண்ணே.”

“எனக்கு 4.96தான். உங்க கடிகாரம் சரியில்ல.”

“கடிகாரம் எல்லாம் சரிதான். அளந்தவங்கதான் சரியில்ல.”

கடைசி வாக்கியத்தை எப்போதும் நான் நிற்கும் பக்கம் பார்த்துத்தான் சொல்வார்கள். அளந்தவர்களில் நானும் ஒருவன்.

ஊர் பத்தாங் பெர்ஜுந்தாய். 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். பலகை மாறியது, வாய் மாறவில்லை. மலேசியாவின் கோலா சிலாங்கூர் மாவட்டத்தில், சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய தோட்டப்புறப் பட்டணம். எந்தப் பக்கம் போனாலும் செம்பனைதான். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் போட்டதும் இந்த வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். பெயரில் தென்னை, மண்ணில் செம்பனை.

தமிழ்ப்பள்ளியின் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு முறை ஓட்டம் நடத்துகிறோம். 5 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர் என்று இரண்டு பிரிவு. பெரிய பரிசெல்லாம் கிடையாது. ஒரு பதக்கம், ஒரு சட்டை, ஒரு பொட்டலம் நாசி லெமாக். இந்த அளவு ஓட்டத்துக்குத் தூரம் இம்மி பிசகாமல் இருக்க வேண்டுமா என்று முன்பு யாராவது கேட்டிருந்தால், “அட, விடுங்க” என்றுதான் நானும் சொல்லியிருப்பேன்.

ஒரு வருடம் எங்கள் 10 கிலோமீட்டரைப் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி 43 நிமிடத்தில் ஓடி முடித்தாள். ஊரே கைதட்டியது. அடுத்த மாதம் அவள் கோலாலம்பூரில், முறையாக அளந்து சான்று பெற்ற பாதையில் ஓடினாள். 46 நிமிடம். தான் மோசமாகிவிட்டதாக நினைத்து அழுதாளாம். அவள் அப்பா எங்களிடம் வந்து கோபமில்லாமல்தான் கேட்டார். “ஒரு மாசத்துல மூணு நிமிஷம் எங்கய்யா போச்சு?”

அவர் கேட்டதில் வேறொன்றும் இருந்தது. ரப்பர் காலத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர் அவர். ரப்பர் பால் நிறுக்கும் இடத்தில் கிராணி, அதாவது தோட்டக் கணக்கர், மெட்ரோலாக்கைப் பாலில் மிதக்கவிட்டுப் பார்ப்பார். பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று அந்த மிதவைக்கோல் காட்டும் எண்தான் அன்றைய கூலி. மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர் ஒரு பக்கம் நிற்பார், எண்ணைப் படிப்பவர் மறுபக்கம் நிற்பார். எண் சரிதானா என்று கேட்கிற வழக்கம் அந்தத் தலைமுறைக்கு அதிகம் இல்லை. இப்போது அவர் கேட்கிறார், எண்ணைப் படித்துச் சொன்னவர்கள் நாங்கள்.

சரி என்று தேடினோம். மூன்று நிமிடத்தைத் தேடிப் போன இடத்தில் அறுநூறு மீட்டர் அகப்பட்டது.

அதில் நானூறு மீட்டருக்குக் காரணம் ஒரு கூம்பு. பாதை போய்த் திரும்பி வருகிற பாதை. திரும்பும் இடத்தில் ஆரஞ்சுக் கூம்பு வைத்து ஒரு தொண்டரை நிறுத்தியிருந்தோம். வைக்கச் சொன்ன இடத்தில் நிழல் இல்லை. இருநூறு மீட்டர் முன்னாலேயே பீசாங் கோரெங் (பொரித்த வாழைப்பழம்) கடை ஒன்று இருக்கிறது, கூரை இருக்கிறது, நாற்காலியும் இருக்கிறது. கூம்பு அங்கே வந்துவிட்டது. போகும்போது இருநூறு, வரும்போது இருநூறு. போய்வரும் பாதையில் திருப்பத்தில் செய்கிற பிழை எப்போதும் இரட்டிப்பாகும்.

மீதி இருநூறு மீட்டரைக் கண்டுபிடிக்கத்தான் நாளானது. அதில் பாதி டயருக்குள்ளும் பாதி சாலை வளைவுகளிலும் இருந்தது.

பாதையை நாங்கள் அளந்தது கப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிளில். எங்கள் பக்கத்தில் எல்லாத் தூரத்துக்கும் அதுதான் அளவுகோல். அதன் மீட்டருக்குத் தூரம் தெரியாது, சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பது மட்டும்தான் தெரியும். முன்சக்கரத்திலிருந்து போகும் கேபிள் அந்தச் சுற்றுகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது, மீட்டர் அவற்றைத் தூரமாக மாற்றிக் காட்டுகிறது. புது டயரில் அது சரியாகவே காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 17 அங்குலச் சக்கரத்தின் ஆரம் டயரோடு சேர்த்து ஏறக்குறைய 28 சென்டிமீட்டர். டயர் 3 மில்லிமீட்டர் தேய்ந்தால் சுற்றளவு 1 விழுக்காட்டுக்குச் சற்று மேலே குறைகிறது. சக்கரம் சிறுத்தால் அதே தூரத்துக்குக் கூடுதலாகச் சுற்ற வேண்டும். மீட்டர் 10 கிலோமீட்டர் என்று சொல்லும்போது உண்மையில் 9.9தான் ஆகியிருக்கும். அந்த மோட்டாரின் டயர் எப்படி இருந்தது என்று நான் சொல்லப் போவதில்லை. அது என்னுடைய மோட்டார்.

இன்னொரு நூறு மீட்டருக்கு, சாலையின் நீளம் என்றால் என்ன என்பதையே முதலில் கேட்க வேண்டியிருக்கிறது.

நேர்ச்சாலையில் பிரச்சினை இல்லை. வளைவு வந்தால்தான் தகராறு. ஏழு மீட்டர் அகலச் சாலை ஒன்று செங்கோணமாகத் திரும்புகிறது. நடுவில் போகிறவர் விளிம்பிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளிப் போகிறார். உள்விளிம்பை ஒட்டி, 30 சென்டிமீட்டர் விட்டு ஓடுகிறவருக்கு அந்த ஒரு திருப்பத்தில் மட்டும் 5 மீட்டர் மிச்சம். வளைவு பெரியதா சிறியதா என்பது இதில் பொருட்டே இல்லை. எவ்வளவு தள்ளிப் போகிறோம், எவ்வளவு திரும்புகிறோம் என்ற இரண்டும் மட்டும்தான் கணக்கு. திடலைச் சுற்றி ஒரு மீட்டர் தள்ளி ஓடினால், திடல் பெரிதோ சிறிதோ, ஒரு முழுச்சுற்றுக்கு 6.28 மீட்டர் கூடும். 400 மீட்டர் ஓடுதளத்தில் எட்டாம் தடத்தில் ஒரு சுற்று ஓடினால் 453 மீட்டருக்கு மேல் வருவதும் இதனால்தான்.

எங்கள் பாதையில் போக வர இருபது திருப்பங்கள். திருப்பத்துக்கு ஐந்து மீட்டர் என்றால் நூறு மீட்டர். நான் மோட்டாரில் ஒழுங்காகச் சாலையின் நடுவில் போனேன். ஓடுகிறவர்கள் அப்படிப் போவார்களா? அவர்கள் உள்விளிம்பை அணைத்துக்கொண்டுதான் போவார்கள். அடுத்த வளைவு எதிர்ப்பக்கம் என்றால் சாலையைக் கோணலாகக் குறுக்கே வெட்டிப் போவார்கள். அதில் தப்பு எதுவும் கிடையாது. அதுதான் ஓட்டம்.

அதனால் உலகத் தடகள அமைப்பு சாலை ஓட்டத்தின் தூரத்தை ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியை வைத்தே அளக்கச் சொல்கிறது. விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் விட்டு, வளைவுக்கு வளைவு நேர்கோட்டில் வெட்டி அளக்க வேண்டும். எவரும் அதைவிடக் குறைவாக ஓட முடியாது, கூடுதலாக ஓடுவது அவரவர் விருப்பம். இந்த விதி மனத்தில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. இது தெரியாமல் எவ்வளவு உசத்தியான கருவியை வைத்து அளந்தாலும், தவறான கோட்டைத் துல்லியமாக அளந்ததாகத்தான் முடியும்.

தூரத்தைப் பற்றி எங்கள் ஊருக்கென்று சில பழைய பழக்கங்கள் உண்டு. பெரியவர்கள் இன்றைக்கும் தூரத்தைக் ‘கட்டை’யில் சொல்வார்கள். மூணாங்கட்டை, அஞ்சாங்கட்டை என்பது மைல்கல்லின் எண். மலாய்க்காரர்களுக்கு அதுவே ‘பத்து’. எண் இல்லை, கல் என்பதற்கான மலாய்ச் சொல். உலு லங்காட்டில் பத்து 14 என்று இடத்துக்கே அதுதான் பெயர். 1972இல் எடை, அளவைச் சட்டம் வந்து நாடு கிலோமீட்டருக்கு மாறிய பிறகும் கட்டை பேச்சில் நின்றுவிட்டது. அஞ்சாங்கட்டை என்றால் எங்கிருந்து அஞ்சு என்று கேட்டால் மட்டும் பலருக்கும் பதில் வராது.

வெள்ளைக்காரன் காலத்தில் நிலத்தை அளந்தது செயினில். ஒரு செயின் 66 அடி, அதாவது 20.1168 மீட்டர். 80 செயின் ஒரு மைல். நீளத்தில் பத்து செயின், அகலத்தில் ஒரு செயின் இருந்தால் ஒரு ஏக்கர். கணக்குக்கு வசதியாகச் செய்த கருவி, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இழுத்து இழுத்து வளையங்கள் அகன்று நீண்டுபோகும் என்பதால் அதையும் அவ்வப்போது சோதித்துத்தான் பயன்படுத்தினார்கள்.

மரத்தை எண்ணித் தூரம் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இது எனக்குப் பிடித்த முறை. செம்பனையை வழக்கமாக 9 மீட்டர் முக்கோணமாக நடுவார்கள், ஹெக்டருக்கு ஏறக்குறைய 143 மரம் வரும். வரிசையோடு நடந்தால் 111 மரத்துக்கு 999 மீட்டர். கைவசம் எந்தக் கருவியும் இல்லாமல் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்தான் குறைகிறது, பார்த்தீர்களா? இந்தச் சந்தோஷம் சாலை வரிசைக்குக் குறுக்கே திரும்பும் வரைதான். முக்கோண நடவில் வரிசைக்கும் வரிசைக்கும் உள்ள இடைவெளி 7.8 மீட்டர். குறுக்கே 111 வரிசை தாண்டினால் 866 மீட்டர்தான் ஆகும். மரத்தை எண்ணியவர் சரியாகத்தான் எண்ணியிருப்பார். மரங்களுக்கு நடுவே உள்ள தூரம்தான் மாறிவிட்டது.

இப்போது கைக்கடிகாரத்துக்கு வருவோம், சண்டை தொடங்கிய இடம் அதுதானே.

ஜிபிஎஸ் கடிகாரம் தூரத்தை அளப்பதில்லை. தான் எங்கே இருக்கிறோம் என்பதைச் செயற்கைக்கோள்களிடமிருந்து வரும் சமிக்ஞையை வைத்துக் கணிக்கிறது, பெரும்பாலும் விநாடிக்கு ஒரு முறை. ஒவ்வொரு கணிப்பும் திறந்தவெளியிலேயே சில மீட்டர் தள்ளி விழும். அப்படி விழுந்த புள்ளிகளைக் கோட்டால் இணைத்து, கோட்டின் நீளத்தைத் தூரம் என்று காட்டுகிறது. நீங்கள் நேராக ஓடினாலும் புள்ளிகள் இடமும் வலமுமாக விழுவதால் கோடு கோணல்மாணலாகப் போகும். கோணல் கோடு நேர்கோட்டைவிட நீளம். அதனால்தான் பல கடிகாரங்கள் கூடுதலாகக் காட்டுகின்றன. கடிகாரத்தில் மின்கலத்தைச் சேமிக்கும் முறையைப் போட்டிருந்தால் நேர்மாறாக நடக்கும். சில விநாடிக்கு ஒரு முறைதான் புள்ளி வைக்கும், வளைவை வளைவாகப் பார்க்காமல் வெட்டிவிடும், தூரம் குறையும். 5.14க்காரரும் 4.96க்காரரும் பக்கத்தில் பக்கத்தில் ஓடியிருக்கலாம்.

எங்கள் பாதையில் இன்னொன்றும் இருக்கிறது. முற்றிய செம்பனை இருபக்கமும் நிற்கும் தோட்டச் சாலையில் மட்டைகள் மேலே ஒன்றோடொன்று கோத்துக் கூரை போட்டுவிடும். இரவு பெய்த மழையில் ஓலை நனைந்திருந்தால் சமிக்ஞை இன்னும் பலவீனமாகும். டவுனுக்குள் வந்தால் கடைவரிசைச் சுவர்களில் பட்டுத் திரும்பி வரும் சமிக்ஞை கடிகாரத்தைக் குழப்பும். “ஐம்பது பேர் கடிகாரத்தைக் கூட்டிச் சராசரி எடுத்தால் சரியாகிவிடாதா?” என்று ஒருவர் கேட்டார். எல்லாமே ஒரே பக்கம் சாயும் தராசு என்றால் ஐம்பது முறை நிறுத்தாலும் சாய்வு சாய்வுதான். இணைய வரைபடத்தில் கோடு போட்டு அளப்பது இதைவிடப் பரவாயில்லை, முதல் திட்டத்துக்கு நன்றாகவே உதவும். ஆனால் மட்டைக் கூரைக்குக் கீழே சாலை விளிம்பு எங்கே என்று வானிலிருந்து எடுத்த படத்தில் தெரியாது.

உலகம் முழுவதும் சான்று பெற்ற பாதைகளை எதை வைத்து அளக்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சைக்கிள்.

இது புதிய விஷயம் இல்லை. பிரிட்டனில் ஜான் ஜுவல் 1961இல் இந்த முறையைப் பற்றி எழுதினார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓடிய அமெரிக்கர் டெட் கார்பிட் 1964இல் தம் நாட்டுக்கான அறிக்கையைத் தயாரித்தார். 1971இல் ஆலன் ஜோன்ஸ் என்ற பொறியாளர் சைக்கிளின் முன்சக்கரத்தில் பொருத்தும் எண்ணியைச் செய்தார். அதன் வழிவந்த ஜோன்ஸ் எண்ணிதான் இன்றும் பயன்படுகிறது. இப்போதுள்ள வகை சக்கரம் ஒரு முறை சுற்றினால் 23.6 எண் நகரும். சாதாரணச் சக்கரத்தில் ஓர் எண் ஏறக்குறைய 9 சென்டிமீட்டர்.

என் கப்சாயும் சக்கரச் சுற்றைத்தானே எண்ணியது, சைக்கிளுக்கு மட்டும் என்ன கௌரவம்? சைக்கிளை அளப்பதற்கு முன்னும் பின்னும் சோதிக்கிறோம், கப்சாயை யாரும் சோதிக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் நேரான, சமமான தார்ச்சாலையில் 300 மீட்டரை எஃகு டேப்பால் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். துணி டேப், பிளாஸ்டிக் டேப் கூடாது; இழுத்தால் நீளும். எஃகு டேப்பும் இழுவைக்கும் வெயிலுக்கும் நீளும் என்றாலும் எவ்வளவு நீளும் என்பது தெரியும். 20 டிகிரியில், 50 நியூட்டன் இழுவையில், அதாவது ஏறக்குறைய 5 கிலோ எடை தொங்கினால் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவில் அளப்பதுதான் வழக்கம். நாங்கள் மீன் நிறுக்கும் கொக்கித் தராசை டேப் நுனியில் மாட்டி இழுத்தோம். பார்த்த மீன்காரர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் நின்று பார்த்தார். காலை 25 டிகிரியில் 300 மீட்டருக்கு வரும் வித்தியாசம் 2 சென்டிமீட்டருக்கும் குறைவு. நண்பகலில் டேப் 45 டிகிரிக்குச் சூடானால் 9 சென்டிமீட்டரை நெருங்கும். இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய ஆபத்து, 30 மீட்டர் டேப்பைப் பத்து முறை போட்டோமா ஒன்பது முறை போட்டோமா என்று மறப்பதுதான். ஒவ்வொரு முறையும் சாக்பீஸால் எண் எழுதுங்கள். பேச்சுக்கொடுக்கும் நண்பரைத் தேநீர் வாங்கிவர அனுப்பிவிடுங்கள்.

அப்புறம் அந்த 300 மீட்டரில் சைக்கிளை நான்கு முறை ஓட்டி எண்களைக் குறிக்க வேண்டும். உதாரணத்துக்கு 3376, 3377, 3376, 3377 என்று வருகிறது. சராசரி 3376.5. கிலோமீட்டருக்கு 11,255 எண். அதை 1.001ஆல் பெருக்க வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன். 11,266 சொச்சம். 5 கிலோமீட்டருக்கு 56,331 எண். தொடக்கக் கோட்டிலிருந்து மிகக் குறுகிய வழியில் ஓட்டிக்கொண்டு போய் 56,331 எண் நகர்ந்த இடத்தில் நிறுத்தினால் அதுதான் முடிவுக்கோடு.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது, பிழைகள் தாமாகவே கழிந்துபோகும் விதம். சைக்கிளில் யாராலும் அம்பு போல நேராகப் போக முடியாது, கொஞ்சம் தள்ளாடத்தான் செய்வோம். ஆனால் அந்த 300 மீட்டரிலும் அதே ஆள் அதே மாதிரிதான் தள்ளாடியிருப்பார். ஆகவே தள்ளாட்டமும் அளவுகோலுக்குள்ளேயே சேர்ந்துவிடுகிறது. ஓட்டுபவரின் எடை டயரை அமுக்கும், அதுவும் உள்ளே சேர்ந்துவிடுகிறது. டயரின் தேய்மானமும் அப்படியே. ஒரே நிபந்தனை, ஆள் மாறக் கூடாது. 300 மீட்டரை நான் ஓட்டிவிட்டு, பாதையை என் மருமகன் ஓட்டினால் கணக்கு கெட்டது. அவர் என்னைவிட இருபது கிலோ குறைவு.

கழியாத பிழை ஒன்று உண்டு, வெப்பம். வெயில் ஏற ஏற டயருக்குள் காற்று சூடாகி விரியும். சக்கரம் ஒரு துளி பெரிதாகும், கிலோமீட்டருக்கு எண் குறையும். அதனால் பாதையை அளந்து முடித்ததும் மறுபடி அதே 300 மீட்டரில் நான்கு முறை ஓட்ட வேண்டும். இப்போது சராசரி 3375 என்று வரலாம். காலை எண், பிறகு வந்த எண் இரண்டில் பெரியதை வைத்துக்கொண்டால் பாதை குறைந்துபோகாது. நம் நாட்டில் மழையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அளக்கும்போது நடுவில் ஒரு தூறல் வந்து சாலை குளிர்ந்தால் டயர் மறுபடி சுருங்கும். நாங்கள் ஞாயிறு காலை, வெளிச்சம் வந்ததும் தொடங்கி ஒன்பது மணிக்குள் முடித்துவிடுவோம். வண்டிகளும் குறைவு, லோரிகள் இருக்காது. நாய்கள் இருக்கும். நாய் துரத்தினால் சைக்கிள் எவ்வளவு நேராகப் போகும் என்பதற்கு எந்தக் கையேட்டிலும் திருத்தம் இல்லை. அந்த இடத்தில் இறங்கி, குறி போட்டுவிட்டு, பின்னால் வந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

ஜோன்ஸ் எண்ணி வாங்க முடியாத குழுக்களுக்கு, சாதாரணச் சைக்கிள் மீட்டர் போதும் என்பது என் கருத்து. சைக்கிள் கடைகளில் கிடைப்பதுதான். அதில் சக்கரத்தின் சுற்றளவை மில்லிமீட்டரில் போட்டுக்கொள்ளலாம், 300 மீட்டர் சோதனைக்குப் பிறகு அந்த எண்ணைத் திருத்திக்கொள்ளலாம். அது 10 மீட்டர் படிகளில்தான் காட்டும். ஐந்து கிலோமீட்டரில் 10 மீட்டர் என்பது 0.2 விழுக்காடு. சாதனை முறியடிக்க இது உதவாது, ஆனால் அறுநூறு மீட்டர் காணாமல் போகாது. கையில் தள்ளிக்கொண்டு நடக்கும் ஒற்றைச் சக்கர அளவியை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். வடிகால் அளக்க அது நல்லது. கரடுமுரடான சாலையில் துள்ளித் துள்ளிப் போகும்.

செம்மண் சாலை எதற்குமே அடங்காது. சரளையில் சக்கரம் வழுக்கும், டயர் அமிழும், மழைக்குப் பின் விளிம்பே இடம் மாறியிருக்கும். பாதையில் அப்படிப்பட்ட பகுதி சிறிதாக இருந்தால் அதை மட்டும் எஃகு டேப்பால் அளந்து சேர்ப்பதே நல்லது. பெரிதாக இருந்தால் ‘ஏறக்குறைய 10 கிலோமீட்டர் தோட்ட ஓட்டம்’ என்று போட்டுவிடலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இப்போது அந்த 1.001. எவ்வளவு கவனமாக அளந்தாலும் சிறு பிழை இருக்கும் என்று ஒப்புக்கொண்டு, கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் வேண்டுமென்றே கூட்டிப் போடுகிறார்கள். பத்து கிலோமீட்டருக்கு 10 மீட்டர், 42.195 கிலோமீட்டர் மாரத்தானுக்கு 42 மீட்டர். பாதை கொஞ்சம் நீண்டால் ஓடியவருக்குச் சில விநாடி நட்டம். குறைந்தால் அவர் நேரமே செல்லாது. சந்தையில் அரிசி அளப்பவர் கடைசியில் ஒரு பிடி சேர்த்துப் போடுவது போலத்தான். 42.195 என்ற எண்ணே ஒரு தற்செயல்தான். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் கோட்டையிலிருந்து அரங்கத்தில் அரச குடும்பத்தின் இருக்கை முன்னால் வரை போட்ட பாதையின் நீளம் அது. 1921இல் அதையே நிலையான தூரமாக்கினார்கள். யாரோ உட்கார்ந்த நாற்காலிக்காக வந்த எண்ணை இன்று மீட்டர் பிசகாமல் காக்கிறோம்.

பெரிய ஊர்களிலும் இது பிசகியிருக்கிறது. 1981இல் நியூயார்க் மாரத்தானில் ஆல்பர்ட்டோ சலசார் 2 மணி 8 நிமிடம் 13 விநாடியில் ஓடியது உலகின் மிகச் சிறந்த நேரமாகக் கொண்டாடப்பட்டது. பிறகு அளந்து பார்த்தால் பாதை ஏறக்குறைய 150 மீட்டர் குறைவு. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 2013 முதல் 2015 வரை மூன்று வருட மாரத்தான் பாதை 380 மீட்டர் குறைவாக இருந்தது பின்னால்தான் தெரிந்தது. பிரைட்டனில் 2021இல் 568 மீட்டர் கூடுதல். காரணம் என்ன தெரியுமா? இடம் மாறிய கூம்பு. எங்களுக்குப் பக்கத்திலேயே, பாங்காக்கில் 2015இல் அரை மாரத்தான் ஓடியவர்கள் 21 கிலோமீட்டருக்கு மேல் இன்னும் ஆறு கிலோமீட்டர் கூடுதலாக ஓடினார்கள், திருப்பம் தவறான இடத்தில் இருந்ததால். இதைப் படித்த அன்று பீசாங் கோரெங் கடையில் கூம்பு வைத்த எங்கள் தொண்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “பார்த்தீங்களா, நான் இருநூறுதான்” என்றார்.

இவை எதிலும் சைக்கிள் முறை தோற்றதாக நான் நினைக்கவில்லை. அளந்தது ஒரு நாள், கூம்பு வைப்பது இன்னொரு நாள். நடுவில் பல மாதம் போகிறது, ஆள் மாறுகிறார். அளந்தவர் கண்ட கோடு அவர் தலைக்குள்ளேயே இருந்தால் ஓட்ட நாளன்று அது எங்குமே இருக்காது. ஆகவே எழுத வேண்டும். தொடக்கம், முடிவு, திருப்பம் மூன்றையும் நகராத பொருளிலிருந்து அளந்து எழுத வேண்டும். ‘பெரிய மரத்துக்குப் பக்கத்தில்’ என்று எழுதினால் மறு ஆண்டு மரம் இருக்காது. செம்பனையை இருபத்தைந்து வருடத்தில் வெட்டி மறுநடவு செய்துவிடுகிறார்கள். மின்கம்பத்து எண், பாலத்தின் கைப்பிடிச் சுவர், கோயில் வளைவின் தூண் போன்றவைதான் உதவும். சாலையில் ஒரு கான்கிரீட் ஆணி அடித்து, கம்பத்திலிருந்து இத்தனை மீட்டர், தூணிலிருந்து இத்தனை மீட்டர் என்று இரண்டு அளவு எழுதிக்கொண்டால் ஆணி போனாலும் இடம் போகாது. ஓடுகிறவர்கள் புல்லில் ஏறிக் குறுக்கே வெட்டக்கூடிய வளைவில் கயிறு கட்ட வேண்டும். அளந்தது தார் விளிம்பை வைத்துத்தானே தவிர, புல்லை வைத்து இல்லை.

இப்போதெல்லாம் எங்கள் திருப்பத்தில் வெள்ளைச் சாயத்தில் ஒரு வட்டம் உண்டு. கூம்பை அதற்குள்தான் வைக்க வேண்டும். தொண்டருக்கு ஒரு குடையும் கொடுத்துவிடுகிறோம், நாற்காலியும்தான்.

அந்தப் பெண் அடுத்த வருடமும் வந்து ஓடினாள். 44 நிமிடம் 50 விநாடி. முந்தைய ஆண்டைவிட மெதுவாக ஓடியதாகத்தான் பலகையில் தெரிந்தது. அவள் அப்பா பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையிலிருந்த மைலோவைக் குடித்தார்.

போன மாதம் கோயில் முன்னால் சாலைக்குப் புதுத் தார் போட்டார்கள். தொடக்கக் கோட்டு ஆணி அதற்கடியில் போய்விட்டது. கம்பத்திலிருந்து ஒரு டேப், தூணிலிருந்து ஒரு டேப் பிடித்து, இரண்டும் சந்தித்த இடத்தில் புது ஆணி அடித்தாயிற்று. வருகிற ஞாயிறு பாதையை முழுவதுமாக மறுபடி அளக்கிறோம். சைக்கிளுக்குச் சனிக்கிழமை இரவே காற்றடித்து வைத்துவிட வேண்டும். காலையில் அடித்தால் பம்பின் சூடு டயருக்குள் இருக்கும்.